காந்தம் ஒட்டாத கத்தி

பனமரத்துப்பட்டியில் மாமனார் வீட்டுக் கூடத்தில், முருகன் படத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவே, புதிதாக ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. கந்தவேல் அதைப் பார்த்தது கறிச்சோற்றில் கை வைத்த நேரத்தில். அதற்கப்புறம் அன்றைக்குக் கறி எப்படி இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. உப்பு, காரம், எலும்பு எல்லாம் ஒரே மாதிரி தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தன.

சட்டத்துக்குள் தங்கக் கரை போட்ட காகிதம். 'துருப்பிடியா எஃகுக் கத்திகள் தர ஒப்பீட்டு வாரியம். திரு. சிவபிரகாஷ், இராசிபுரம். முதல் தரம்' என்று அச்சடித்திருந்தது. கீழே நான்கு கையெழுத்து. நான்கையும் ஒரே ஆள் போட்ட மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.

சிவபிரகாஷ் யார் என்று சொல்லிவிடுகிறேன். கந்தவேலின் மனைவி மைதிலிக்கு ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையின் புருஷன். அதாவது கந்தவேலுக்குச் சகலை. கொஞ்ச காலம் முன்பு வரை இராசிபுரத்தில் டம்ளரும் சம்புடமும் விற்றுக்கொண்டிருந்தவன். குடோனில் மிஞ்சிப்போன எவர்சில்வர் தகட்டை என்ன செய்வதென்று தெரியாமல் கத்தி மாதிரி வெட்டி, பிடி போட்டு, பாலீஷ் ஏற்றி விற்க ஆரம்பித்தான். அந்தக் கத்தியில் முகம் பார்த்துப் பவுடர் பூசலாம். வெங்காயம் நறுக்க வேண்டுமென்றால் வேறு கத்தி தேட வேண்டும்.

கந்தவேல் அப்படியில்லை. மல்லசமுத்திரத்தில் அவருக்குச் சொந்தப் பட்டறை. நானூற்று நாற்பது சி என்று நம்பர் போட்டு வருகிற எஃகுப் பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் போட்டுப் பதம் ஏற்றுவார். அந்தப் பக்கத்துக் கறிக்கடைக்காரர்கள் வேறு கத்தி தொடமாட்டார்கள். மாமனார் வீட்டில் கெடா அறுத்தாலும் இத்தனை வருஷமாக, "மூத்த மாப்பிள்ளை கத்தியக் கொண்டாங்க" என்றுதான் மாமனார் பெரியசாமி சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்காகவே கந்தவேல் எந்த விருந்துக்கும் தவறாமல் போவார். அப்படிப்பட்ட பெரியசாமி இன்றைக்கு வந்தவர்களையெல்லாம் சட்டத்துக்கு அடியில் நிறுத்தி, சிவபிரகாஷைப் பக்கத்தில் இழுத்துவிட்டு, போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

கை கழுவிவிட்டு வந்த கந்தவேலை மாமனார் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

"மாப்பிள்ளை, நீங்களும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. உங்களுக்குன்னு ஆணி அடிச்சு வெச்சிருக்கறேன்."

ஆணி இருந்தது. சிவபிரகாஷின் சட்டத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தது.

வயிற்றெரிச்சல் என்பது வயிற்றில் மட்டும் எரிகிற சமாச்சாரம் இல்லை. மல்லசமுத்திரம் வந்து சேர்கிற வரை கந்தவேலுக்குக் காது எரிந்தது, உள்ளங்கை எரிந்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த மைதிலி, "ஏனுங்க, மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னாள். தங்கச்சி புருஷனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சொல்லவில்லை.

அடுத்த வாரமே கந்தவேல் தன்னுடைய கத்தியிலேயே நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, துணியில் சுற்றிக்கொண்டு வாரியத்துக்குக் கிளம்பினார்.

வாரியம் சேலத்துக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் இருந்தது. அது அரசாங்கமா தனியாரா என்று கேட்டால் அங்கே வேலை பார்க்கிறவர்களே விட்டத்தைப் பார்ப்பார்கள். ஜீப் இருக்கிறது, ஜீப்பில் சிவப்பு எழுத்து இருக்கிறது. நம் ஆட்களுக்கு அது போதும். அதோடு, வாரியத்தின் முத்திரை குத்தாமல் கத்தி விற்றால் சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. யாருடைய சரக்கையும் தூக்கியதாகத் தெரியவில்லை. ஆனாலும் எல்லாரும் பயந்தார்கள்.

வாசலில் காவலாளி கருப்பண்ணன் கையை நீட்டினார். "கத்தி கொண்டாந்திருக்கறீங்களா?"

"ஆமாங்க. சோதனைக்கு."

"கூரா இருக்குதுங்களா?"

"மசிரு வெச்சு ஊதுனா ரெண்டாப் போயிருமுங்க," என்றார் கந்தவேல் பெருமையாக.

"அப்ப இங்க குடுங்க," என்று வாங்கிய கருப்பண்ணன், வாசல்படிக் கருங்கல்லில் கத்தியின் வாயை வைத்து வரட் வரட்டென்று தேய்க்க ஆரம்பித்தார். கந்தவேலுக்குத் தன் பல்லைத் தேய்க்கிற மாதிரி இருந்தது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"கூரான ஆயுதம் உள்ள போகக்கூடாதுங்க. ஊழியருங்க பாதுகாப்பு. உத்தரவுங்க."

"கூர சோதிக்கத்தானுங்களே கொண்டாந்திருக்கறேன்?"

"அது உள்ள இருக்கறவீங்க வேலைங்க. எனக்கு வெளி வேலை," என்று கருப்பண்ணன் கட்டைவிரலால் கத்தி வாயைத் தடவிப் பார்த்து, திருப்தியாகி, திருப்பிக் கொடுத்தார். வேலையில் சுத்தமான மனுஷர்.

உள்ளே இயக்குநர் மணிமாறன் இருந்தார். சந்தன நிற சபாரி, மேஜையில் தேசியக்கொடி. கந்தவேலை உட்காரச் சொல்லிவிட்டு மணி அடித்தார். உடனே அலுவலகம் முழுக்க எழுந்து நின்றது. ஒருத்தர் முன்னால் வந்து கதவைத் திறந்து பிடிக்க, இன்னொருத்தர் பட்டுத் தலையணை வைத்த தாம்பாளத்தை ஏந்தி வந்தார். தலையணைமேல் குங்குமப் பொட்டு வைத்த ஒரு காந்தம்.

இது எதற்கு என்றால், நம் பக்கத்தில் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்கப் போகிற பெண்கள் பர்ஸில் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பார்கள். குடத்தில் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி. பாத்திரத்துக்கு அது சரி. வாரியத்தை ஆரம்பித்ததும் பாத்திர வியாபாரிகள்தான். அவர்களுக்குத் தெரிந்த எஃகு அது, தெரிந்த சோதனையும் அதுதான். கத்திக்கும் அதையே வைத்துவிட்டார்கள்.

காந்தத்தைக் கந்தவேலின் கத்திக்குப் பக்கத்தில் கொண்டு போனார்கள். ரொம்பப் பக்கத்தில் கூடப் போகவில்லை. டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அறையில் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஒரு அம்மாள் கந்தவேலைத் துக்க வீட்டில் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஐயா, கத்திக்கு அது ஆகாதுங்க," என்றார் கந்தவேல். "பதம் ஏறுற எஃகுல காந்தம் ஒட்டத்தானுங்க செய்யும். எங்க சகலை போடறது முன்னூத்தி நாலு, டம்ளர் தகடுங்க. அத எத்தன காச்சினாலும் பதம் ஏறாது. கூர் நிக்காதுங்க."

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார், அதற்கென்று பயிற்சிக்குப் போய் வந்திருந்தார்.

"திரு. கந்தவேல், நான் இந்த வாரியத்துக்கு வருமுன் மீன்வளத்தில் இருந்தேன், அதற்கு முன் சிறுசேமிப்பில் இருந்தேன். எஃகைப் பற்றி எனக்கு எந்த முன்முடிவும் கிடையாது. அதனால்தான் என்னை இங்கே போட்டார்கள். இந்தக் காந்தத்துக்கும் முன்முடிவு கிடையாது. ஆனால் நீங்கள் கத்தி செய்கிறவர். கத்தியைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் சொல்வதை நாங்கள் எப்படி நடுநிலையாக எடுத்துக்கொள்ள முடியும்?"

அடுத்தது தக்காளிச் சோதனை. நிஜத் தக்காளி அழுகிப் போகும் என்பதால் வாரியம் ஒரு பிளாஸ்டிக் தக்காளி வைத்திருந்தது. அது வாரியத்தின் சொத்து. சேதமானால் பொறுப்பில் இருக்கிறவர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே தக்காளியை வெட்டாத கத்திதான் தேறும். சிவபிரகாஷின் கத்தி தக்காளிமேல் வழுக்கிக்கொண்டு போனதை இன்றைக்கும் அங்கே சொல்லிச் சொல்லி மெச்சினார்கள். கருப்பண்ணன் அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்தும் கந்தவேலின் கத்தி தக்காளியில் ஒரு கீறல் போட்டுவிட்டது. பொறுப்பில் இருந்தவர் கீறலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"மூன்றாம் தரம்," என்றார் இயக்குநர். மூன்று என்று பொறித்த முத்திரை அச்சு ஒன்றைக் கொடுத்து, இனிமேல் பட்டறையை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு கத்தியிலும் அதைக் குத்தித்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கந்தவேல் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மைதிலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க கத்தி வெட்டுது. அவுரு கத்தி வெட்டறதில்ல. எந்தங்கச்சியே எங்கிட்டதான் கத்தி வாங்கிட்டுப் போறா. இன்னும் என்னங்க ஓணும் உங்களுக்கு?"

"அது உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

"ஆணியப் பாத்தியா நீ? எங்க அடிச்சிருக்கறாரு பாத்தியா?"

மைதிலிக்கு ஆணி ஒரு விஷயமாகவே படவில்லை. பொறாமைப்படத் தெரியாத பொம்பளையைக் கட்டிக்கொண்டு அந்த மனுஷர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மூன்றாம் தர முத்திரை குத்தின கத்தியைக் கறிக்கடைக்காரர்கள் எப்போதும் போலத்தான் வாங்கினார்கள். அவர்களுக்கு முத்திரை கண்ணில் படவில்லை, கத்தி வெட்டியது. கந்தவேலுக்குத்தான் ஒவ்வொரு தடவை அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போதும் தன் நெற்றியிலேயே அடிக்கிற மாதிரி இருந்தது. இதற்கிடையில் சிவபிரகாஷ் இராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் போர்டு வைத்துவிட்டான். ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றான். கையில் கத்தி. அதில் அவன் முகமே தெரிந்தது, ஆக மொத்தம் இரண்டு சிவபிரகாஷ். கந்தவேல் அதற்கப்புறம் இராசிபுரம் போக வேண்டியிருந்தால் சுற்றுவழியில் போனார்.

ஒரு நாள் காலையில் எழுந்து முடிவு பண்ணிவிட்டார். உலை, எண்ணெய்த் தொட்டி, மிச்சமிருந்த எஃகுப் பட்டை எல்லாவற்றையும் சேலம் செவ்வாய்ப்பேட்டை இரும்புக்கடைக்காரருக்குத் தள்ளிவிட்டார். டம்ளர் தகடு வாங்கிப் போட்டார். காய்ச்சுகிற வேலையே இல்லை, வெட்டு, தேய், பாலீஷ் போடு. பட்டறையில் சூடு இல்லாமல் ஜிலுஜிலுவென்று இருந்தது.

முதல் சரக்கை வாங்கிப் போன கறிக்கடை அப்புசாமி அன்று மத்தியானமே திரும்பி வந்தார். மல்லசமுத்திரத்தில் பெரிய கடை அவருடையது. கந்தவேலிடம் ஆரம்பத்திலிருந்து வாங்குகிறவர்.

"ஏனுங்கண்ணா, இது கத்திங்களா, கண்ணாடிங்களா? தொடைக்கறியில வெச்சு அறுத்தா ஆடு எந்திரிச்சு நடந்து போயிரும் போல இருக்குதுங்க."

"இது காந்தம் ஒட்டாதுங்க, அப்புசாமி."

"நான் எதுக்குங்க காந்தத்த அறுக்கறேன்?"

"துருப்புடிக்காது. கண்ணாடியாட்டம் இருக்கும் பாருங்க."

"பழசு ஒண்ணு இருந்தாக் குடுங்கண்ணா. ஞாயித்துக்கெழம யாவாரம். சனம் வரிசையில நிக்கும்."

இல்லை என்றார் கந்தவேல். அப்புசாமி புதுக்கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே மற்றக் கடைக்காரர்களும் போனார்கள். கந்தவேல் வாசல் வரை வந்து அவர்கள் வண்டி போவதைப் பார்த்தார். இவர்கள் சோறு போட்டவர்கள். ஆனால் கண்ணை மூடினால் அந்த ஆணிதான் தெரிந்தது. முதலில் ஆணி, அப்புறம் அப்புசாமி என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வருஷாந்திர ஒப்பீடு வந்தது. இந்தத் தடவை கருப்பண்ணன் கத்தியை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, தேய்க்காமலே திருப்பிக் கொடுத்தார். "வேலையே வெக்கலீங்களே," என்று மகிழ்ந்தார். காந்தம் ஒட்டவில்லை. தக்காளி பிழைத்தது. இயக்குநர் கத்தியில் தன் மீசையைப் பார்த்துச் சரி செய்துகொண்டார்.

"முதல் தரம்," என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எரிச்சல் நிறுத்த விடுமா?

"ஐயா, எங்க சகலைக்கும் முதல் தரமுங்க. எனக்கும் அதேதானுங்களா? அதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்களா?"

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. வாரியம் ஆரம்பித்ததிலிருந்து இன்னும் மேலே என்று கேட்டுக்கொண்டு வந்த முதல் ஆள் இவர்தான். அன்றைக்கே கூட்டம் போட்டு 'ஆயுட்கால முதல் தரம்' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் வருஷா வருஷம் தரம் மாறும். இவருக்கு மட்டும் உயிர் இருக்கிற வரை மாறாது. இவர் பட்டறையிலிருந்து எந்தக் கத்தி வந்தாலும் ஒன்று என்றுதான் முத்திரை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, கந்தவேலின் கத்தியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். இயக்குநர் எடுத்து அறுத்தார். ரிப்பன் வளைந்தது. மேலிருந்து அறுத்தார், கீழிருந்து அறுத்தார், உதவியாளர் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க நடுவில் அறுத்தார். நாதஸ்வரக்காரர் மூச்சு முட்டி நிறுத்திவிட்டார். கடைசியில் இயக்குநர் கத்தியைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, ரிப்பனின் முடிச்சை விரலால் அவிழ்த்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"பார்த்தீர்களா?" என்று மைக்கில் பேசினார் இயக்குநர். "இவ்வளவு உழைத்தும் இந்தக் கத்தியின் வாயில் ஒரு சிறு தேய்மானம் உண்டா? இல்லை. கத்தி ஏன் மழுங்குகிறது? வெட்டுவதால் மழுங்குகிறது. வெட்டாத கத்தி என்றைக்கும் மழுங்காது. எங்கள் வாரியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகளில் எந்தத் தேய்மானமும் இல்லாமல், ஆரம்பித்த அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறோம்."

அப்புறம் பெயர் வாசித்தார்கள். 'திரு. சிவபிரகாஷ், இராசிபுரம், மூன்றாம் தரம்' என்று கேட்டதும் கந்தவேலுக்குக் காதில் தேன் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. விழுந்துவிட்டானா? ஏன் விழுந்தான், எப்படி விழுந்தான் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சிவபிரகாஷ் மேடைக்கு வந்து, மூன்று என்று பொறித்த அச்சை வாங்கி, சபையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கினான். பாவம், வெட்கத்தை மறைக்கச் சிரிக்கிறான் என்று கந்தவேல் மைதிலியிடம் சொன்னார். அவள், "எனக்கு அப்படித் தெரியலீங்க," என்றாள்.

பனமரத்துப்பட்டியில் மறுபடி கறிவிருந்து. பெரியசாமி கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மூத்த மாப்பிள்ளை சட்டத்தை மாட்டியிருந்தார். மணி பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். கந்தவேல் தலைவாழை இலையின் முன்னால் கால் மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அன்றைக்குக் காற்றுகூட ருசித்தது.

பின்கட்டிலிருந்து சரக் சரக்கென்று சத்தம் வந்தது. அடுத்த பந்திக்குக் கறி வெட்டுகிற சத்தம். நிற்காமல், சிக்காமல், ஒரே சீராக வந்தது. கந்தவேல் சாதத்தைப் பிசைந்தபடியே காதைக் கொடுத்தார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். கை கழுவாமல் எழுந்து போனார்.

பின்கட்டில் முண்டாசு கட்டிக்கொண்டு கறி வெட்டிக்கொண்டிருந்தவர் அப்புசாமி. விருந்துக்கென்று பெரியசாமி வரவழைத்திருந்தார். கையில் ஒரு கத்தி. அதன் கழுத்தில் மூன்று என்று முத்திரை.

"இது ஏதுங்க கத்தி?"

"உங்க சகலைதுங்கண்ணா," என்றார் அப்புசாமி. "செவ்வாய்ப்பேட்டையில உங்க உலை கெடந்துச்சாமா. அவுரு வாங்கிப் போட்டு, ஆளு வெச்சுப் பதம் போடறாரு. இப்ப எல்லாக் கடையிலயும் இதுதானுங்க. மூணாந்தரம் இருக்குதான்னு கேட்டுத்தான் வாங்கறோம். முத்திரை ஒண்ணுன்னு இருந்தாத் தொடறதே இல்லீங்க. மூணுன்னு இருந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாமுங்க, வெட்டும்."

பின்னால் சிவபிரகாஷ் வந்து நின்றான். கந்தவேல் அவனைப் பார்த்த பார்வையில் உலையே தேவையில்லை, எஃகு உருகியிருக்கும்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. நீங்க வேண்டாம்னு போட்டதத்தானுங்க எடுத்தேன். என்னோட டம்ளர்க் கத்தி பூராத் திரும்பி வந்திருச்சுங்க. பொளைக்கோணுமில்லீங்களா? எப்படியோ, உங்குளுக்கு ஆயுளுக்கும் முதல் தரம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லீங்க."

அவன் நக்கல் பண்ணுகிறானா, நிஜமாகவே சொல்கிறானா என்று கந்தவேலுக்குக் கடைசி வரை தெரியவில்லை. தெரியாததால் இரண்டுக்கும் சேர்த்து எரிந்தது.

அப்போதிருந்து அவருக்கு மூன்று என்கிற எண்ணைப் பார்த்தால் ஆசையாக இருந்தது. பஸ்ஸில் மூன்றாம் நம்பர், கடிகாரத்தில் மூன்று மணி, எதைப் பார்த்தாலும் சிவபிரகாஷ். பட்டறையில் ஒன்று முத்திரை குத்திய கத்திகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. ஒரு ஈ வந்து உட்காரும், வழுக்கிவிடும், போய்விடும். வேறு வாடிக்கை இல்லை.

வாரியத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஐயா, எனக்கு மூணாந்தரமே திருப்பிக் குடுத்துருங்க. புது உலை போட்டுப் பழையபடி செய்யறேன்."

"எப்படி முடியும்? ஆயுட்காலம் என்றால் ஆயுட்காலம்தானே," என்றார் இயக்குநர். "ஆயுள் முடிந்த பிறகு வாருங்கள், பரிசீலிக்கிறோம்."

"அப்ப மறுபடி சோதனை பண்ணுங்க. காந்தம் ஒட்டுச்சுன்னா எறக்குவீங்களல்லோ?"

இயக்குநர் யோசித்தார். மறுசோதனை கேட்டவரும் இதுவரை இல்லை. "கொண்டு வாருங்கள்," என்றார்.

கொண்டுவரக் கத்தி? பழைய எஃகில் ஒரு துண்டுகூடப் பட்டறையில் இல்லை. ஊரிலேயே அவர் செய்த பழைய கத்தி ஒன்றே ஒன்றுதான் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. மைதிலியின் சமையல்கட்டில். அவள் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து அதை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டார். கருப்பண்ணன் அதைக் கருங்கல்லில் தேய்த்தபோது கந்தவேல் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். தாம்பாளம் வந்தது. காந்தம் கத்தியை நெருங்கியது.

டக்.

கந்தவேல் சந்தோஷத்தில் கையைத் தூக்கிக் கும்பிட்டேவிட்டார். ஆனால் யாரும் உச்சுக்கொட்டவில்லை. அறையில் எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் காந்தத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஆயுட்கால முதல் தரத்தில் காந்தம் ஒட்டாது," என்றார் நிதானமாக. "இது வாரியத்தின் தீர்மானம். ஒட்டியிருக்கிறது என்றால், வாரியத்தின் தீர்மானத்துக்கு எதிராக ஒட்டியிருக்கிறது. இவ்வளவு காலம் சலுகை கொடுத்து, பட்டில் வைத்து, குங்குமம் இட்டு வளர்த்ததற்கு இதுதான் நன்றியா?"

காந்தத்தை அன்று மாலையே தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். தலையணையைப் பிடுங்கிக்கொண்டு, பழைய காகிதம் போடுகிற அலமாரியில் தள்ளினார்கள். அலமாரி இரும்பு, அங்கே போய் ஒட்டிக்கொண்டது. விசாரணையில் இதையும் குற்றமாகச் சேர்த்தார்கள்.

புதுக் காந்தம் வாங்கினார்கள். ஒப்பந்தக்காரர் குறைந்த விலையில் கொண்டுவந்து கொடுத்தது எவர்சில்வர் துண்டு ஒன்று. காந்த வடிவத்தில் வளைத்திருந்தது, பளபளவென்று இருந்தது. எதிலும் ஒட்டவில்லை. ஊசியில் ஒட்டவில்லை, ஆணியில் ஒட்டவில்லை, இரும்பு அலமாரியில் வைத்தால் கீழே விழுந்தது. இயக்குநருக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எந்தப் பக்கமும் சாயாத காந்தம் என்றார். பழைய காந்தம் பண்ணின அநியாயத்தைச் சரி செய்ய வேண்டுமென்று, அதனால் பாதிக்கப்பட்ட எல்லாக் கத்திகளையும் வரவழைத்து, புதுக் காந்தத்தை மட்டும் வைத்து மறுபடி சோதித்தார். பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்.

"நம் சுற்றுவட்டாரத்தில் இனி மட்டமான கத்தியே இல்லை என்ற நிலையை எட்டிவிட்டோம்," என்று அறிவித்தார். "ஒரே நாளில் எட்டினோம். எஃகில் கை வைக்கவில்லை."

கந்தவேலும் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றிருந்தார். பெயர் வாசித்துக்கொண்டே போனார்கள், எல்லாருக்கும் முதல் தரம். சிவபிரகாஷின் பெயர் வந்தபோது அவன் மேடைக்கு ஓடிப்போய் இயக்குநர் காலைப் பிடித்தான். "ஐயா, எனக்கு மட்டும் வேண்டாமுங்க. மூணே இருக்கட்டுமுங்க. யாவாரமே அதுலதானுங்க ஓடுது. பட்டறையில எட்டுக் குடும்பம் இருக்குதுங்க." இயக்குநர் இதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு அவனைத் தூக்கி நிறுத்தி, ஒன்று என்று பொறித்த அச்சைக் கையில் திணித்துப் போட்டோவுக்கு நின்றார். வெளியே காத்திருந்த கறிக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொருத்தராக வண்டியைக் கிளப்பினார்கள். அப்புசாமியும் கிளம்பினார். முத்திரையைப் பார்த்தே வாங்கிப் பழகிவிட்டார்கள், கத்தியை நகத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பொழுது சாயக் கந்தவேல் வீட்டுக்கு வந்தார். மைதிலி வாசலில் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்புமேடையில் ஒரு பூசணிக்காய் அறுக்க ஆளில்லாமல் முழுசாக உட்கார்ந்திருந்தது. அவர் துணியிலிருந்து அவள் கத்தியை எடுத்து முறத்தோரம் வைத்தார். அவள் எடுத்து, கத்தி வாயை விரலால் தடவினாள். மொழுக்கென்று இருந்தது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"உங்களுக்கு மூணாந்தரம் குடுத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்புசாமியண்ணனாச்சும் திரும்பி வாரேன்னாருங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏனுங்க இப்படிச் சிரிச்சுக்கிட்டு வாரீங்க?"

கந்தவேல் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ரொம்ப நாளைக்கப்புறம் அவருக்கு நெஞ்செரிச்சல் இல்லை, காது எரியவில்லை, நல்ல பசி எடுத்தது.

"அவனுக்கும் முதல் தரம் குடுத்துட்டாங்க புள்ள," என்றார். "சோத்தப் போடு."